ரீல்ஸ் போடுகிற கைக்கு ஆஃப்செட் போட வருமா?

ஓசூர் சிப்காட்டுக்கு இன்டர்வியூ போகிற ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களிடம் அநேகமாக எல்லாக் கம்பெனியிலும் கேட்கும் கேள்வி இது: "கம்ப்யூட்டர் தெரியுமாப்பா?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "தெரியும் சார்." கேட்டவர் நினைப்பது, அன்றைய உற்பத்திக் கணக்கை எக்செல்லில் ஏற்ற முடியுமா, மெஷின் திரையில் வந்த அலாரம் எண்ணைப் படித்துச் சொல்ல முடியுமா என்பதை. சொன்னவர் நினைப்பது, பள்ளிக்கூட லேபில் பெயின்ட்டில் வீடு வரைந்ததையும் போனில் தனக்கு இருக்கும் வேகத்தையும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்கும் ஏமாற்றம்.

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று டிஜிட்டல் திறன், இன்னொன்று தொழில்நுட்பத்தைப் பற்றி ஒருவருக்கு இருக்கும் மனப்பான்மை. பயம், ஆர்வம், "இது நமக்கெதுக்கு" என்ற அலட்சியம், "எல்லாம் தெரியும்" என்ற மிதப்பு எல்லாம் இரண்டாவதில் வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொழிற்கல்வி படிக்கிறவர்களை மனதில் வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

திறன் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஐரோப்பிய ஆணையம் 2013-ல் டிஜிட்டல் திறனுக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது. டிக்காம்ப் என்று பெயர். பிறகு சிலமுறை திருத்தியிருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதை நிறைய எடுத்தாளுகிறார்கள். ஐந்து பகுதிகள்: தகவலைத் தேடி, அது நம்பத்தக்கதா என்று பார்ப்பது, மற்றவர்களோடு தொடர்புகொண்டு சேர்ந்து வேலை செய்வது, சொந்தமாக ஒன்றை உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கல் வந்தால் தீர்ப்பது. இவற்றுக்குள் 21 சிறு திறன்கள். அறிவு, செய்திறன், மனப்பான்மை மூன்றும் சேர்ந்ததுதான் டிஜிட்டல் திறன் என்று அந்தச் சட்டகமே சொல்கிறது. ஆக, பொத்தானை அழுத்தத் தெரிவது மூன்றில் ஒரு பங்குதான்.

போன் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு இவை எல்லாம் தானாக வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பற்றி பிரதம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட ஏசர் 2023 அறிக்கை அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் நேரில் போய், ஸ்மார்ட்போன் கொண்டுவர முடிந்தவர்களை அதில் செய்துகாட்டச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு யூடியூப் வீடியோவைத் தேடி எடுக்க ஐந்தில் நான்கு பேருக்கு வந்தது. இணையத்தில் ஒரு கேள்விக்கு விடை தேட 70 சதவீதம் பேருக்கு. குறித்த நேரத்துக்கு அலாரம் வைக்க மூன்றில் இரண்டு பங்கினருக்கு. கூகுள் மேப்பில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று கண்டுபிடிக்க மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகமானவர்களால்தான் முடிந்தது. ஒரே போன், ஒரே கை. தினமும் செய்கிற வேலை சுலபமாக வருகிறது, செய்யாத வேலை வரவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு: பிரவுசிங் சென்டர். ஐடிஐ சேர்க்கை, ஸ்காலர்ஷிப், அப்ரென்டிஸ் பதிவு, அரசு வேலை விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கடையில், அண்ணன் ஒருவர் ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். மின்னஞ்சல் முகவரி அவர் உருவாக்கியது, பாஸ்வேர்டு அவர் நோட்டில். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் மறுபடி அங்கேதான் ஓட வேண்டும், அதற்குள் கடை இடம் மாறியிருந்தால் திண்டாட்டம். அந்த அண்ணனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு விண்ணப்பமே போயிருக்காது. ஆனால் டிக்காம்பின் ஐந்து பகுதிகளில் தொடர்பு, பாதுகாப்பு ஆகிய இரண்டையும் 50 ரூபாய்க்கு வெளியே விட்டுவிட்டோம். விண்ணப்பத்தை அவரே போடட்டும். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் மட்டுமாவது மாணவரின் சொந்தமாக இருக்கட்டும்.

மெஷின் திரைக்கு முன்னால்

தொழிற்கல்வி மாணவருக்கு டிஜிட்டல் திறன் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரோடு முடிவதில்லை. டர்னர், மெஷினிஸ்ட் டிரேடுக்கு அது சிஎன்சி கன்ட்ரோல், அதாவது கம்ப்யூட்டர் வழியாக மெஷினை ஓட்டும் திரை. எலக்ட்ரீஷியனுக்கு மெஷின்களைத் தானாக இயக்கும் சிறு கணினியான பிஎல்சியும், மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவும். மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிப்பவருக்கு வண்டியில் சொருகிப் பார்க்கும் ஸ்கேனர். ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை, இவற்றுக்கெல்லாம் பாகம் செய்து கொடுக்கும் எத்தனையோ சிறு யூனிட்டுகள் என்று சுற்றுவட்டாரமே இந்தத் திரைகளால் நிறைந்திருக்கிறது.

ஒரே ஒரு திரையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிஎன்சி லேத்தில் ஒரு ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டம் 25.00 மில்லிமீட்டர் வர வேண்டும். மைக்ரோமீட்டர் 25.04 காட்டுகிறது. டூல் தேய்ந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் குறைவாக வெட்டுகிறது. இந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டும் எண்ணைப் போட, திரையில் வேர் (wear) ஆஃப்செட் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் அந்த டூலுக்கு நேரே எக்ஸ் கட்டத்தில், அதாவது விட்டத்துக்கான கட்டத்தில், ஏற்கெனவே -0.10 என்று இருக்கிறது. முந்தைய ஷிஃப்ட்காரர் போட்டது. இன்னும் 0.04 குறைய வேண்டும். -0.04 என்று தட்டியாகிவிட்டது. இப்போது எந்தப் பொத்தான்?

ஃபேனக் என்ற கம்பெனியின் கன்ட்ரோலில் திரைக்கு அடியில் 'இன்புட்' என்று ஒன்றும் 'பிளஸ் இன்புட்' என்று ஒன்றும் இருக்கும். பிளஸ் இன்புட்டை அழுத்தினால் இருக்கிற எண்ணோடு சேர்த்துக்கொள்ளும். கட்டத்தில் -0.14 வரும், அடுத்த ஜாப், அதாவது அடுத்து வெட்டும் துண்டு, 25.00-க்கு வந்து நிற்கும். வெறும் இன்புட்டை அழுத்தினால் பழைய எண்ணை அழித்துவிட்டு -0.04 என்று எழுதிவிடும். அடுத்த ஜாப் 25.10. சரிசெய்யப் போய் இன்னும் கெட்டுவிட்டது. வெளி விட்டம் பெரிதாக இருப்பதால் ரீவொர்க் செய்து தப்பிக்கலாம். புரோகிராமில் புள்ளி விட்டுப்போனால் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. எக்ஸ் 50 என்று எழுதிப் பின்னால் புள்ளி வைக்காவிட்டால், செட்டிங்கைப் பொறுத்துச் சில மெஷின்கள் அதை 50 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது 0.05 மில்லிமீட்டர். டூல் ஜாப்பின் மையத்தைப் பார்த்துப் பாய்ந்துவிடும்.

இங்கே வேண்டியது விரல் வேகம் கிடையாது. திரையில் இப்போது என்ன இருக்கிறது, நான் இதை அழுத்தினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். போன் நமக்குப் பழக்கிவிட்டிருப்பது இதற்கு நேர் எதிரானது: முதலில் தட்டு, அப்புறம் பார், பிடிக்காவிட்டால் பின்னால் போ. ஸ்பிண்டில் சுற்றும்போது பின்னால் போகும் பொத்தான் இல்லை. ரீல்ஸில் கெட்டிக்காரரான மாணவர் மெஷினில் தடுமாறுவதற்கு அறிவுக் குறைவைக் காரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பழக்க மாற்றத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் நல்ல செட்டர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். "தம்பி, அழுத்துறதுக்கு முன்னாடி அடுத்த ஜாப் என்ன சைஸ் வரும்னு வாயால சொல்லு" என்பார்கள். சொன்ன எண்ணும் வந்த எண்ணும் ஒத்துப்போகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார்கள். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இது மேல் என்பது என் கட்சி.

மனப்பான்மை எங்கிருந்து வருகிறது?

மனப்பான்மையை அளக்க மிக அதிகமாகப் பயன்படும் கோட்பாடு ஃபிரெட் டேவிஸ் என்ற அமெரிக்கருடையது. 1989-ல் வந்த அவருடைய கட்டுரை சொல்வது எளிமையானது. ஒருவர் புதிய தொழில்நுட்பத்தை ஏற்பாரா என்பதை இரண்டு எண்ணங்கள் முடிவுசெய்கின்றன: இதனால் எனக்குப் பயன் உண்டா, இது எனக்குச் சுலபமாக வருமா. இரண்டில் பயன் என்ற எண்ணத்துக்குத்தான் வலு அதிகம் என்றும் அவர் கண்டார். சுலபமாக இருந்தும் பயனில்லை என்று பட்டால் ஆள் தொடமாட்டார். கஷ்டமாக இருந்தாலும் பயன் தெரிந்தால் முட்டி மோதிக் கற்றுக்கொள்வார்.

"நான் ஃபிட்டர் சார், எனக்கு எதுக்கு எக்செல்?" என்று கேட்கிற மாணவரை அலட்சியக்காரர் என்று முத்திரை குத்துவது சுலபம். டேவிஸின் கண்ணால் பார்த்தால் அவர் நியாயமான கேள்வியைத்தான் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ் என்ற வேலைத்திறன் வகுப்பில் கற்பனை மாணவர்களின் மார்க் பட்டியலை எக்செல்லில் போடச் சொன்னால் அவருக்கு அது யாருடைய வேலையோ. அவரே அரத்தால் ராவி எடுத்த துண்டுகளின் அளவை, பேட்ச் முழுவதும் அளந்த எண்களோடு சேர்த்து ஒரு வரைபடமாகப் போடச் சொல்லிப் பாருங்கள். எந்த நேரத்தில் அளவு விலக ஆரம்பித்தது என்று கோட்டில் தெரியும். கம்பெனிகளில் தரக் கட்டுப்பாட்டுக்காரர்கள் செய்வதும் அதேதான்.

'சுலபமாக வருமா' என்ற இரண்டாவது எண்ணம் இன்னும் ஆழமானது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதை விளக்கினார். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து ஜெயித்த அனுபவம் முதலாவது, அதுதான் எல்லாவற்றிலும் வலிமையானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை மூன்றாவது. அந்த நேரத்தில் உடம்பும் மனமும் இருக்கும் நிலை, அதாவது பதற்றமா நிதானமா என்பது நான்காவது.

இதை நம் ஊர் லேபுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் டிரேடுகளில் ஒரு யூனிட்டுக்கு 20 பேர். கம்ப்யூட்டரோ மெஷினோ அத்தனை இருக்காது. ஒருவர் தட்ட, நான்கு பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தட்டுகிறவர் பெரும்பாலும் எல்லா வாரமும் அதே ஆள், ஏற்கெனவே தெரிந்தவர். மற்ற நேரத்தில் மெஷின்மேல் துணி போர்த்தியிருக்கும். "கை வெக்காத தம்பி, லட்சக்கணக்குல விலை" என்ற எச்சரிக்கை எழுதாத பலகையாகத் தொங்கும். ஆக முதல் வழி அடைபட்டுவிட்டது, நான்காவதில் பதற்றம் ஏறிவிட்டது. பிறகு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வந்து இரண்டு மணி நேரம் பேசவைப்போம். தானே செய்து ஜெயிப்பதைவிட வலு குறைந்த வழி அது. அந்தச் செலவில் அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ போய் மூன்று வருடமாக வி.எம்.சி. என்ற சிஎன்சி மில்லிங் மெஷின் ஓட்டும் ஒரு சீனியரைக் கூப்பிட்டு மெஷின் முன்னால் நிற்க வைத்தால் இரண்டாவது வழியாவது திறக்கும்.

அதனால் மனப்பான்மையை மாணவரின் பிறவிக் குணமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. மெஷின் அவர் கைக்கு எத்தனை முறை கிடைத்தது, தப்பு செய்தபோது பக்கத்தில் இருந்தவர் என்ன சொன்னார் என்பதில்தான் அதில் பெரும்பகுதி உருவாகிறது. வீட்டுச் சூழலும் சேரும். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. அந்தத் தலைமுறை பெற்றோரின் பிள்ளைகள்தான் இப்போது ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் இருக்கிறார்கள். கன்ட்ரோல் திரை முழுக்க ஆங்கிலம். வீட்டில் "இந்தப் பொத்தானை அழுத்திப் பாரு" என்று சொல்ல ஆள் இல்லை.

மாநில அரசு டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் ரோபோ, நவீன சிஎன்சி, மின்சார வாகனம் போன்ற பிரிவுகளைத் தொடங்கியிருக்கிறது. மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இருக்கிறது. மெஷின் வருவது நல்லதுதான். வந்த மெஷின்மேல் துணி எத்தனை மணி நேரம் விலகியிருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

கேள்வித்தாளில் சிக்காதவை

மாணவர்களின் திறனையும் மனப்பான்மையையும் ஆராய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு படிவம் கொடுப்பார்கள். "எனக்குக் கம்ப்யூட்டர் பயன்படுத்துவதில் தயக்கம் இல்லை" என்று ஒரு வாக்கியம்; முழுதும் ஒப்புக்கொள்கிறேன் என்பதிலிருந்து முழுதும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து கட்டம். ரென்சிஸ் லைக்கர்ட் 1932-ல் அறிமுகப்படுத்திய முறை இது. மனப்பான்மையை அளக்க இது பரவாயில்லை. திறனையும் இதிலேயே அளக்கப் போனால் ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதுதான் கிடைக்கும், என்ன தெரியும் என்பது கிடைக்காது.

பிசகு இரண்டு பக்கமும் நடக்கும். அதிகமாகப் போட்டுக்கொள்கிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். குறைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை. காரிமங்கலம் பக்கம் மா, தக்காளி போட்டிருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போர்வெல் மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த எண்ணுக்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு கட்டளைக்கு நிற்கும். மூன்று ஃபேஸும் வந்தால் தானாக ஓட வைக்கலாம், தண்ணீர் இல்லாமல் வெறுமனே சுற்றினால் நிறுத்தச் சொல்லலாம். இதற்கு வயர் கொடுத்து, எண்களைப் பதிந்து, எந்த ஆம்பியருக்குக் கீழே போனால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம் என செட் செய்து கொடுத்தது பெரும்பாலும் அந்த வீட்டில் ஐடிஐ படிக்கிற பையனாகத்தான் இருக்கும். சென்சார், எல்லை மதிப்பு, தானியங்கிக் கட்டுப்பாடு என்று பிஎல்சி வகுப்பில் வரப்போகும் அத்தனையும் அவர் செய்துவிட்டார். ஆனால் படிவத்தில் "எனக்கு டிஜிட்டல் திறன் உண்டு" என்ற வாக்கியத்துக்கு ஐந்தில் இரண்டு போடுவார். கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தால்தான் டிஜிட்டல் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பிசகு இன்னும் பெரிது. அதே ஏசர் அறிக்கையில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். அண்ணனின் போனை அரை மணி நேரம் வாங்கிப் பார்ப்பவருக்கு நோண்டிப் பார்க்கும் உரிமை கிடையாது. நோண்டாமல் கை பழகாது, பழகாவிட்டால் நம்பிக்கை வராது. ஓசூரைச் சுற்றிய எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளோ பெண்களைத்தான் அதிகம் வேலைக்கு எடுக்கின்றன. "பெண்களுக்குத் தொழில்நுட்பத்தில் ஆர்வம் கம்மி" என்று ஒரு வரியில் முடித்துவிடும் ஆய்வுகளைப் படித்தால், போன் யாருடைய சட்டைப்பையில் இருந்தது என்று கேட்டார்களா என்று பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: படிவத்தோடு மூன்று சின்ன வேலைகளையும் வையுங்கள். ஒரு பிடிஎஃப் கோப்பைப் பெயர் மாற்றி, மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்து அளவுகளைக் கொடுத்துச் சராசரியும் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசமும் எடுக்கச் சொல்லுங்கள். ஓர் அலாரம் எண்ணைக் கொடுத்து அதன் அர்த்தத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போதும். ஐந்து கட்டத்தில் சொன்னதும் செய்துகாட்டியதும் எங்கே ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும், அடுத்து யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்பதும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் எங்கே தொடங்குவது?

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. அது கைக்கு வரும்வரை போனே நிறையத் தாங்கும். ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கினால் பழைய யுஎஸ்பி கீபோர்டைப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சொருகிவிடலாம். கூகுள் ஷீட்ஸ் போனில் இலவசம். மாதச் செலவையோ ஒர்க்‌ஷாப் அளவுகளையோ அதில் போட்டுப் பழகலாம். எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு டிங்கர்கேட் தளத்தில் சர்க்யூட் போட்டு ஓட்டிப் பார்க்க வசதி இருக்கிறது, அங்கே எதுவும் புகையாது. சிஎன்சி மெஷினுக்கு எழுதும் கட்டளைகளான ஜி-கோடை ஒட்டினால் டூல் போகும் பாதையைக் கோடாக வரைந்து காட்டும் இலவசத் தளங்களும் உண்டு. பெரிய திரையில் பார்ப்பது நல்லது என்பதால் இந்த இரண்டுக்கும் மட்டும் லேபையோ நண்பரின் லேப்டாப்பையோ பயன்படுத்திக்கொள்ளலாம். ஐடிஐ தியரித் தேர்வே இப்போது கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும் என்பதால், ஐடிஐ பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும், சென்னையில் இருக்கும் நிமி நிறுவனத்தின் மாதிரித் தேர்வுகளை முன்கூட்டியே சிலமுறை எழுதிப் பார்ப்பது கை நடுக்கத்தைக் குறைக்கும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை, இது வேலை தேடும் நேரம் என்பதால். ஓசூர் கம்பெனி பெயரைச் சொல்லி வாட்ஸாப்பில் ஆஃபர் லெட்டர் அனுப்பி, யூனிஃபார்முக்கும் ஐடி கார்டுக்கும் முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள். வந்த செய்தியில் இருக்கும் எண்ணுக்கே திருப்பிப் போன் போட்டுக் கேட்பதில் பலனில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.